யாரும் கேட்காத கொடி

இன்று காலை மயிலாப்பூர் மாட வீதியில் பிள்ளையார் சதுர்த்திக் கூட்டம். களிமண் பிள்ளையார்களுக்குப் பக்கத்தில் சாக்கை விரித்து அருகம்புல்லைக் குவித்திருந்தார்கள். ஈரப் புல்லின் வாசனை வந்ததும், வாங்க வந்ததை விட்டுவிட்டு, நண்பா, மனசுக்குள் உன்னோடு பேசத் தொடங்கிவிட்டேன்.

இரண்டாம் உலக யுத்த காலம் அது. சாந்தோமின் தெற்குக் கோடியில், அடையாற்றைப் பார்த்த சரிவின் மேல் உன் வீடு. ஒரு மழையில் துவைக்கிற கல் மண்ணோடு ஆற்றுக்குள் போயிற்று. அடுத்த மழைக்குச் சமையலறைச் சுவர் போகும் என்பது பார்த்தாலே தெரிந்தது. கரை கட்டச் சிமெண்ட் கிடைக்காது. மழை ஓய்ந்ததும், பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திவிட்டு வந்து சரிவு முழுக்க அருகம்புல்லைப் பதித்தாய். கோடையில் தண்ணீர் சுமந்து ஊற்றினாய். ஆடியில் சரிவில் மண்ணே தெரியவில்லை.

பிறகு சதுர்த்தி வந்தது. மயிலாப்பூரிலிருந்து ஒரு மாமி கூடையோடு வந்து நின்றார்.

"உங்காத்துக் கரையில அருகம்புல் நன்னா வந்திருக்காமே. பிள்ளையாருக்கு ரெண்டு கை பறிச்சுண்டு போகட்டுமா?"

"எடுத்துக்குங்க மாமி" என்றாய்.

மாமி நுனியாகத்தான் கிள்ளினார். செய்தி பரவி வந்தவர்கள் வேரோடு இழுத்தார்கள். "வாத்தியாரே, அந்தாண்ட இன்னும் கீது, எடுத்துக்கவா?" என்ற ரிக்‌ஷாக்காரருக்கும் தலையாட்டினாய். சாயங்காலம் சரிவில் மணல்தான் மிச்சம்.

உன் மனைவி என்னிடம் பொருமினார்: "பாருங்கண்ணே, ஞாயித்துக்கிழமை மாதா கோயில் பூசை தவறாத மனுஷன், பிள்ளையாருக்கு என் அடுப்பங்கரையையே படைச்சுட்டாரு!"

"சாமிக்குக் கேக்குறாங்க. இல்லைன்னு எப்படிச் சொல்றது?" என்றாய்.

வேலி போடு என்றேன். நீ கேட்கவில்லை. ஒவ்வொரு செடியாக யோசித்தாய். வெட்டிவேரை வேருக்காகவே தோண்டுவார்கள். சர்க்கரைவள்ளிக்குக் கிழங்கு எடுத்தால் மண் இளகிவிடும். பொடுதலையைத் துவையலுக்குக் கேட்பார்கள்.

"யாருக்கும் வேண்டாததா ஒண்ணு இருக்கணும்டா" என்று என்னைக் கடற்கரைக்கு இழுத்துப்போய், மணலில் படர்ந்து கிடந்த அடப்பங்கொடியை அறுத்து வந்தாய். அது சமையலுக்கும் ஆகாது, பூஜைக்கும் ஆகாது. கொடிகளைச் சரிவுக்குக் குறுக்காகக் கிடத்திக் கணுக்களைப் புதைத்தோம். கணுவுக்குக் கணு வேர் விட்டது.

ஐப்பசியில் ஆறு சரிவின் பாதிவரை ஏறியது. வடிந்தபின் இருவரும் இறங்கிப் பார்த்தோம். இலையெல்லாம் சேறு, மண் அப்படியே இருந்தது. மேலே சமையலறையில் தாளிக்கும் சத்தம் கேட்டது. நீ கண்ணை மூடிக்கொண்டு சிலுவை போட்டுக்கொண்டாய்.

யாரும் கேட்காத கொடியாகப் பார்த்து நட்டதைக் கெட்டிக்காரத்தனம் என்றுதான் அப்போது நினைத்தேன். அடுத்த சதுர்த்திக்கு மாமி மறுபடி வந்தார். கொடியைப் பார்த்து முகம் வாடித் திரும்பப் போனவரை நீ நிறுத்தினாய். விடியலில் எங்கோ அலைந்து பறித்து, ஈரத்துணியில் சுற்றி வைத்திருந்த புல்லை உள்ளேயிருந்து கொண்டுவந்து அவர் கூடையில் போட்டாய்.

என் வாசலில் யாராவது வந்து ஏதாவது கேட்டால், இல்லை என்று சட்டென்று சொல்ல இப்போது எனக்கும் வருவதில்லை. கொஞ்சம் இருங்கள் என்று சொல்லிவிட்டு உள்ளே போய்த் தேடுகிறேன். பெரும்பாலும் ஏதாவது அகப்பட்டுவிடுகிறது.