கடைசிச் சுரத்தில் சறுக்கியது யார்

மச்சான்,

உன் சுருதிக் குழல் இப்போது என் சாப்பாட்டு மேசையில் கிடக்கிறது. நேற்று பல்லாரோச் சந்தைக்கு வந்த உன் மனைவி, மரக்கறிப் பையோடு மூன்று மாடி ஏறி வந்து தந்துவிட்டுப் போனார். "அடுத்த கிழமை போட்டியெல்லே. இது அங்கை சும்மாதானே கிடக்குது" என்றார். உள்ளங்கைக்குள் அடங்கும் வட்டக் குழல். வாயருகே கொண்டுபோனதும் கராம்பு வாசம் வந்தது. பாடப் போகுமுன் ஒரு கராம்பைக் கடைவாயில் அடக்கிக்கொண்டுதான் நீ இதை ஊதுவாய். நீ போய் ஏழு மாதமாகியும் வாசம் போகவில்லை. நான் ஊதாமல் திரும்ப வைத்துவிட்டேன். அதற்கு முன் உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது.

உன்னை நினைத்தால் முதலில் சிரிப்புத்தான் வருகிறது. பொலிதேயாமாப் பக்கத்தில் அந்தப் பெரிய கட்டடத்தின் வலப்பக்கப் படிகளை நீ கழுவுவாய், இடப்பக்கப் படிகள் என்னுடையவை. நடுவில் முற்றம். நீ அங்கிருந்து அடிக்குரலில் ஒரு பாட்டை எடுப்பாய், நான் இங்கிருந்து பிடிப்பேன். கீழே மருந்துக்கடை வைத்திருந்தவர் ஒருநாள் வெளியே வந்து நின்றபோது வேலை போய்விட்டது என்றே நினைத்தோம். அவர் இன்னொரு முறை பாடச் சொன்னார். அவரும் அவருடைய மச்சினனும் நால்வர் குழுவுக்கு இரண்டு ஆள் தேடி அலுத்துப்போயிருந்தார்களாம்.

பார்பர்ஷாப் பாட்டு என்று வீட்டில் போய்ச் சொன்னேன். சலூன் திறக்கப் போகிறீர்களா என்று கேட்டாள் என் மனைவி. நான்கு பேர், நான்கு குரல், வாத்தியம் கிடையாது, அவ்வளவுதான் என்று விளக்கினேன். மருந்துக்கடைக்காரர் மெட்டைப் பாடினார். மச்சினன் அவருக்கு மேலே, நீ எல்லோருக்கும் அடியில். மூன்று பேரும் எடுத்ததுபோக மிச்சம் கிடந்த சுரங்கள் என் பங்குக்கு வந்தன. அதற்குப் பாரிட்டோன் என்று கௌரவமாக ஒரு பெயர். பஸ்ஸில் கடைசியாக ஏறியவனுக்குக் கிடைக்கிற இடம் என்று நீ சொல்வாய். அந்த இடத்தில் நின்றபடி நான் எப்போதும் மயிரிழை கீழே இறங்குகிறேன் என்பதும் உன் கட்சி. "கொஞ்சம் மேலை பிடி மச்சான்" என்று ஒவ்வொரு ஒத்திகையிலும் சொல்லிக்கொண்டிருந்தாய்.

முதல் போட்டிக்கு நாங்கள் போன அழகு உனக்கு நினைவிருக்கும். சேர்ந்திசைக் குழுக்கள் தட்டுத் தட்டாக ஏறி நின்று, முன்னால் ஒருவர் கையசைக்கப் பாடும். நால்வருக்குக் கையசைக்க ஆள் கிடையாது. குழலை ஒரு தரம் ஊதினால் சரி, பிறகு நால்வரும் ஒருவர் மூச்சை ஒருவர் கேட்டுக்கொண்டு போகவேண்டியதுதான். சீட்டுப் போட்டு வரிசை, குழுவுக்கு இரண்டு பாட்டு. நடுவர்களில் ஒரு பகுதியினர் இசையமைப்பையும், ஒரு பகுதியினர் குரலையும், மீதிப்பேர் பாடுகிற விதத்தையும் பார்த்துப் புள்ளி போடுவார்கள். இதெல்லாம் எங்களுக்குத் தெரியும். விதித்தாளின் இரண்டாம் பக்கத்தை மட்டும் நால்வரில் ஒருவரும் புரட்டவில்லை.

நாங்கள் சைவக்காரர் என்றாலும் இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து, ஊரைக் காக்கிற புனிதை ரொசாலியா அம்மாவின் மலைக்கு வெறுங்காலோடு ஏறுகிறவர்கள். மருந்துக்கடைக்காரரின் தாயார் பாடிய ரொசாலியா வேண்டுதல் ஒன்றை நான்கு குரலுக்குப் பிரித்து இரண்டாம் பாட்டாகப் பாடலாம் என்றவன் நீதான். ஆறு மாதம் பாடிப் பழகினோம். போட்டியன்று காலை, பட்டியலோடு வந்த அம்மையார் அந்தப் பெயரில் விரலை வைத்து நிறுத்தினார். பக்திப் பாட்டுக்குப் போட்டியில் இடமில்லை என்பதுதான் அந்த இரண்டாம் பக்கம். எங்களிடம் மாற்றுப் பாட்டும் இல்லை.

மருந்துக்கடைக்காரர் கதிரையில் இருந்துவிட்டார். அம்மையாருக்கே மனம் கேட்கவில்லை. போட்டி தொடங்குமுன், ஒலிவாங்கிகளைச் சரிபார்க்கவும் நடுவர்கள் காதைப் பழக்கிக்கொள்ளவும் ஒரு குழு பாடும், அதற்குப் புள்ளி இல்லை, என்ன பாட்டென்றாலும் பாடலாம், விருப்பமா என்று கேட்டார். மற்ற இருவரும் ரோசத்தில் தலையாட்ட மறுத்தார்கள். நீ கராம்பை எடுத்து வாயில் போட்டாய்.

"பாடத்தானே வந்தனாங்கள். புள்ளி இல்லாட்டி தொண்டை அடைக்குமோ?"

பாடினோம். சபை எழுந்து கைதட்டியது. ஆனால் கடைசிச் சுரத்தில் ஏதோ ஒன்று சறுக்கியதை நான்கு பேரும் கேட்டோம். மேடையிலிருந்து இறங்கும்போதே நீ என்னைப் பார்த்தாய், நான் உன்னைப் பார்த்தேன். போட்டி முடிந்தபின் நடுவர்கள் ஒவ்வொரு குழுவையும் தனியாக இருத்திக் குறை நிறை சொல்வது வழக்கம். எங்களையும் கூப்பிட்டார்கள். ஆனால் நீ சம்பளத்துக்குப் பராமரித்த வயதான சிஞ்ஞோராவை மத்தியானச் சாப்பாட்டுக்குக் கட்டிலிலிருந்து தூக்கி இருத்த வேண்டும், எனக்கும் வேலை. ஓடிவிட்டோம். தீர்ப்பு சொல்ல ஆளில்லாமல் வழக்கு அப்படியே நின்றுபோனது.

அதற்குப் பிறகு எத்தனை போட்டி பாடினோம், ஒருமுறை மூன்றாவதாகக்கூட வந்தோம். உனக்கு அந்த ஒரு சுரம்தான் பேச்சு. கலியாண வீட்டில், குவெஸ்தூராப் பொலிஸ் கந்தோரில் விசாவுக்குக் காத்திருந்த வரிசையில், எங்கே கண்டாலும் விரலை மேலே காட்டுவாய். சறுக்கியது உன் அடிக்குரல்தான் என்று நான் கீழே காட்டுவேன். கடைசியாக ஆஸ்பத்திரியிலும் காட்டினாய். கையில் ஊசி ஏற்றியிருந்ததால் பாதிதான் உயர்ந்தது.

"ஒருக்கா ஒத்துக்கொள்ளன். நீதானே இறங்கினனி?"

"நீ எழும்பி வா, மேடையிலை வைச்சுச் சொல்லுறன்" என்றேன். பகிடி என்று நினைத்துத்தான் சொன்னேன். நீ எழும்பவில்லை. அந்த மறுமொழியை இப்போது நினைத்தால் எனக்கு என்மேலேயே கோபம் வருகிறது.

போட்டி மறுபடி எங்கள் ஊரில் நடப்பதால், பழைய ஒலிப்பதிவுகளை அந்த அம்மையார் எல்லாக் குழுக்களுக்கும் அனுப்பியிருக்கிறார். முந்தாநாள் எங்களுடைய அந்த ரொசாலியா வேண்டுதல் வந்தது. மனைவியைத் தொலைக்காட்சியை நிறுத்தச் சொல்லிவிட்டு, காதில் மாட்டிக்கொண்டு கடைசிச் சுரத்தை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டேன். மருந்துக்கடைக்காரர் சரி. மச்சினன் சரி. நீ தூண் மாதிரி நிற்கிறாய். நடுவில் ஒருவன் மெல்ல, மிக மெல்ல, கீழே போகிறான். எனக்குத் தெரிந்த குரல்தான்.

உன் இடத்தில் இப்போது பாடுகிறவன் வுச்சீரியாச் சந்தையில் மீன் விற்ற ஆள். நல்ல அடிக்குரல், நல்ல மனிதன், கராம்பு பிடிக்காது. விதித்தாளை இம்முறை என் மனைவியே முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை வாசித்துவிட்டாள். நேற்றைய ஒத்திகையில் கடைசிச் சுரம் வந்தபோது நீ பக்கத்தில் நின்று சொல்வதுபோல் இருந்தது. மேலே பிடித்தேன். நான்கு குரலும் ஒன்றாகி அறையே கணகணத்தது. இத்தனை வருடம் எங்கே வைத்திருந்தாய் என்று மருந்துக்கடைக்காரர் கேட்டார். வைத்திருந்தது நான் இல்லை என்று சொன்னேன்.

குழலை இனி நான்தான் ஊதுவேன். கழுவ மாட்டேன். அடுத்த கிழமை மேடைக்கு ஏறியதும், வாயில் வைக்குமுன், மற்றவர்களுக்குக் கேட்காமல் ஒன்று சொல்லிவிட்டுத்தான் ஊதப்போகிறேன். அங்கே வைத்துச் சொல்வதாகத்தானே உனக்கு வாக்கு.

நான்தான் மச்சான். நான்தான் இறங்கினனான்.