மீன் அரியும் மேசைக்கு எதிரே ஒரு ஜன்னல்

ஆகஸ்ட் 19

எழுத்து கோணலாக இருக்கிறது. மன்னிக்க வேண்டும் — யாரிடம் கேட்கிறேன்? நோட்டும் என்னுடையது, படிக்கப்போகிறவனும் நான்தான். இருந்தாலும் கேட்டுவிடுகிறேன். வலை இழுத்துப் பழகிய விரல்களுக்குள் பேனா நிற்கமாட்டேன் என்கிறது. வசந்தத்தில், எழுதப் படிக்கச் சொல்லித்தரும் நூலக வகுப்பில் சேர்ந்தபோது என் பெயரைப் படம்போலத்தான் வரைவேன். இப்போது ஓட்வார் என்று எழுதி அதை நானே படிக்கிறேன். எழுபத்தாறு வயதில்.

துறைமுகத்தில் எங்கள் புதிய மீன்கூடம் எழும்புகிறது. வேலையை நடத்துவது இங்குன் என்ற பெண். ஜனவரியில் காட் மீன் கூட்டம் கரைப்பக்கம் வரும்போது கூடம் தயாராக இருக்க வேண்டும். அதற்கு இலையுதிர்காலப் புயலுக்கு முன் கூரை ஏற வேண்டும். பழைய கொட்டகையை இடித்தாயிற்று. பிந்தினால் வரும் பருவத்து மீன் பக்கத்து ஊருக்குத்தான்.

கை வலிக்கிறது. சந்தோஷமான வலி.

ஆகஸ்ட் 23, வெள்ளி

வெள்ளிக்கிழமை என்றால் வேலைக்காரர்களின் கொட்டகைக்கு நான் வாஃபிள் சுட்டுக் கொண்டுபோவேன். எல்லோரும் காப்பி குடிப்போம். போன வாரம் அப்படித் தின்றுகொண்டே, வாசல் கொஞ்சம் வடக்கே தள்ளியிருந்தால் லாரி திரும்ப வசதி என்று சொன்னேன். சும்மா சொன்னேன். மேஸ்திரி தூர்கேய்ர் வாசலைத் தள்ளிவிட்டான். வாஃபிள் கொடுத்த முதலாளி சொன்னால் தட்ட முடியுமா? மின்வேலைக்காரருக்கு யாரும் சொல்லவில்லை. அவர் தன் வரைபடப்படி மின்கம்பிக் குழாயைத் தரையில் பதித்தார். இன்று பார்த்தால், புது வாசலுக்கு நட்டநடுவே குழாய் நிற்கிறது!

தரையை உடைக்க வேண்டும். இங்குன் கத்தவில்லை. ஒரு வாஃபிளை எடுத்துக்கொண்டு என் எதிரில் உட்கார்ந்தாள்.

“பெரியவரே, இனிமே இங்க உங்க வாய் மெல்லுறதுக்கு மட்டும்தான். எதையாவது மாத்தணும்னா எழுதிக் குடுங்க. என்ன வேணும், ஏன் வேணும். நான் கையெழுத்துப் போட்டாத்தான் ஆணி அடிப்பாங்க.”

தூர்கேய்ரைப் பார்த்து, “உனக்கும்தான்” என்றாள். அவன் ஜாம் பாட்டிலுக்குப் பின்னால் ஒளியப் பார்த்தான்.

ஆகஸ்ட் 24

கோபம் இல்லை. இருந்தது. அவள் சொன்னது சரி. சரியாக இருந்ததால்தான் கோபம்.

செப்டம்பர் 2

மாற்ற வேண்டியவை என்று மனதில் ஒரு கூடை நிறைய வைத்திருந்தேன். எழுத உட்கார்ந்தேன். ‘வெளிச் சுவருக்கு நீல வண்ணம்’ — சுவர் என்று எழுதி முடிப்பதற்குள் சிவப்பே நன்றாக இருக்கிறது என்று தோன்றிவிட்டது. பனிக்கட்டி அறையை இடம் மாற்றுவது? ‘ஏன்’ என்ற இடத்தில் பேனா நின்றது. ஏன் என்று எனக்கே தெரியவில்லை. பேசும்போது இதெல்லாம் எவ்வளவு அவசரமாக இருந்தது!

ஒன்று மட்டும் போகாமல் நிற்கிறது.

செப்டம்பர் 6, வெள்ளி

வாஃபிள் கொடுத்தேன். வாயைத் திறக்கவில்லை. “முதலாளிக்குப் பல்வலியா?” என்றான் தூர்கேய்ர்.

அந்த ஒன்றைப் பற்றி. மீன் அரியும் மேசை கடல்பக்கச் சுவரை ஒட்டி வருகிறது. வரைபடத்தில் அங்கே ஜன்னல் இல்லை. பழைய கொட்டகையிலும் இல்லை. என் மனைவி சோல்ஃப்ரிட் காலமெல்லாம் அங்கே சுவரைப் பார்த்தபடிதான் மீன் அரிந்தாள். நான் கரைக்கு வந்துவிட்டேனா இல்லையா என்பது, நான் கதவைத் திறக்கும்போதுதான் அவளுக்குத் தெரியும். இனி அவள் அரிய வேண்டியதில்லை. ஆனால் விடமாட்டாள்.

இதுவரை எனக்காக எல்லாவற்றையும் அவள்தான் எழுதினாள். இதை அவளிடம் கேட்க முடியாது. அந்தச் சுவரை அடுத்த வாரம் எழுப்பப்போகிறார்கள்.

செப்டம்பர் 9

காலை முழுக்க எழுதினேன். நான்கு தாள் வீண். ஐந்தாவதை இங்குனிடம் கொடுத்தேன். படித்தாள். மூக்கைத் துடைத்தாள். சளியாக இருக்கலாம்.

செப்டம்பர் 11

பதில் எழுத்தில் வந்தது. படகுத்துறையில் உட்கார்ந்து, விரல் வைத்து, யார் துணையும் இல்லாமல் படித்தேன்: ‘முடியும். சுவர் இன்னும் எழும்பாததால் நாள் வீணாகாது. வரைபடத்தைத் திருத்தி எல்லோருக்கும் கொடுத்துவிட்டேன். அடுத்த வாரம் கேட்டிருந்தால் முடியாது என்றிருப்பேன்.’

மூன்று முறை படித்தேன். மூன்று முறையும் முடியும் என்றே இருந்தது.

செப்டம்பர் 27, வெள்ளி

கூரைச் சட்டம் ஏறிவிட்டது! புயல் இன்னும் வரவில்லை. வழக்கப்படி உச்சியில் தேவதாருக் கிளையில் கட்டிய வளையத்தைத் தூக்கினார்கள். இந்த நாளில் விருந்து போடாத முதலாளியின் கட்டடத்தில், அவரைக் கேலி செய்ய, வைக்கோல் பொம்மையைத் தொங்கவிடுவார்கள். தூர்கேய்ர் ஒன்றைச் செய்து, என் தொப்பி மாதிரியே ஒரு தொப்பியும் போட்டுத் தயாராக வைத்திருந்தான். கறிக்குழம்பையும் பீரையும் பார்த்ததும் அதை முதுகுக்குப் பின்னால் மறைத்தான்.

நான் இரண்டு வார்த்தை பேச வேண்டும். இங்குனைப் பார்த்தேன்.

“பேசுங்க பெரியவரே. எதை வேணா பேசுங்க. நாங்க எதையும் மாத்தப் போறதில்ல.”

சிரிப்பில் என் பேச்சு யாருக்கும் கேட்கவில்லை.

சோல்ஃப்ரிட் கடல்பக்கச் சுவரில் விட்டிருந்த திறப்பின் முன் நின்றாள். “இங்க யாருங்க ஜன்னல் வைக்கச் சொன்னது? குளிர் அடிக்காதா?” என்றாள். மாற்றம் கேட்டு எழுதிய தாள்களையெல்லாம் வேலைக்காரர்களின் கொட்டகையில் குத்தி வைத்திருக்கிறார்கள். இங்குன் ஒன்றைக் கழற்றி வந்து அவளிடம் நீட்டினாள். சோல்ஃப்ரிட் நிதானமாகப் படித்தாள். கடைசி வரி ‘ஏன்’ என்பதற்கு நான் எழுதியது: நான் வருவதை அவள் பார்க்க வேண்டும்.

“எழுத்து ரொம்பக் கோணலா இருக்குங்க” என்றாள். தாளை மடித்துத் தன் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டாள். திருப்பிக் கேட்ட இங்குனுக்குக் கொடுக்கவில்லை. அப்புறம் அங்கேயே நின்று வெகுநேரம் கடலைப் பார்த்தாள். குளிரைப் பற்றிப் பேச்சே இல்லை.

அடுத்த வாரம் கண்ணாடி வருகிறது. தேதி எழுதவே எனக்கு நேரம் பிடிப்பதால், அடுத்த பக்கத்தின் தலைப்பில் அந்த நாளை இப்போதே எழுதி வைத்துவிட்டேன்.