சேலைக்கு ஃபால்ஸ் அடிக்காத ஆராய்ச்சி

மேற்குத் தாம்பரம்
ஞாயிறு மதியம்

அன்பு மகள் ஹெப்சிக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் கிருபையால் நானும் அப்பாவும் சுகம், அப்பாவின் சர்க்கரையும் இந்த மாதம் சொன்ன பேச்சு கேட்கிறது. அந்தக் குளிரில் நீயும் சுகமாயிருக்க ஜெபிக்கிறோம். வீடியோ காலில் பேசினால் பாதியில் அப்பா போனைப் பிடுங்கிக்கொள்கிறார், அதனால்தான் பருப்புப்பொடி பார்சலுக்குள் இந்தக் கடிதம்.

உன்னிடம் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். கம்ப்யூட்டரில் நீ நடக்கவிட்ட பெண்ணின் சேலை நிஜச் சேலை மாதிரி இல்லை என்று உன் ஆராய்ச்சிக் கட்டுரையைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள், படிப்பை விட்டுவிட்டு வந்துவிடுகிறேன் என்று ஆறு மாதத்துக்கு முன்னால் அழுதாயே, மறுநாளே நீ கேட்டபடி சேலை காற்றில் ஆடுவதை வீடியோ எடுக்க அப்பா கிளம்பிவிட்டார். என் சுங்குடிச் சேலையை மொட்டைமாடிக் கொடியில் போட்டு, போனைத் தண்ணீர் டேங்க் மேல் செங்கல்லுக்கு நடுவில் நிறுத்தி, மூன்று நாள் சாயங்காலம் காவல் உட்கார்ந்திருந்தார். மூன்றாம் நாள் பின்வீட்டுக் கன்னியம்மா, மார்க்கெட் பக்கம் ஜாக்கெட் தைக்கிறாளே அவள்தான், படியேறி வந்து, போன் தன் மாடியையே பார்த்துக்கொண்டிருக்கிறது, சாருக்கு இந்த வயதில் இது தேவையா என்று கேட்டாள். அப்பா அவசரமாகப் போனை எடுத்துச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். நான் உடனே போய்க் காப்பாற்றியிருக்கலாம், கொஞ்சம் வேடிக்கை பார்த்துவிட்டுத்தான் போனேன். பிறகு அவளை உட்காரவைத்து, கம்ப்யூட்டரில் நீ நடக்கவிட்ட பெண்ணின் படத்தைக் காட்டினேன். கொசுவத்தையே இரண்டு தடவை பார்த்தாள்.

"இன்னாக்கா இது, சேலைக்கு ஃபால்ஸே அடிக்கல. அடியில வெயிட்டு இல்லாம காத்தாடி மாதிரி பறந்துகினு கீது" என்றாள்.

அதைத்தான் அடி ஓரத்தில் உட்புறமாக நாலு விரல் அகலத்துக்கு இன்னொரு துணி சேர்த்துப் பார் என்று என் சொந்தக் கண்டுபிடிப்பு போல உனக்கு அனுப்பினேன். கொசுவம் அழகாக விழுகிறது, அம்மா நீ மேதை என்றாய், நானும் மறுக்கவில்லை, சர்ச்சில் பெண்கள் கூட்டத்தில் வேறு சொல்லிவிட்டேன். நேற்று நீ கட்டுரையை ஏற்றுக்கொண்டார்கள், நன்றி சொல்லும் இடத்தில் என் பெயரைப் போடப்போகிறேன் என்றபோது சந்தோஷத்தில் அழுதேன். ஆனால் இன்று காலை வாசலில் கன்னியம்மா, பாப்பா பாஸ் பண்ணிடுச்சா என்று கேட்டாள், எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கோபிக்கவில்லை, தையல்கடைப் பெயரையும் போட முடியுமா என்றுதான் கேட்டாள். ஆகவே என் பெயரை எடுத்துவிட்டு அவள் பெயரைப் போடு, அச்சான பிறகு ஒரு பிரதி அனுப்பு, நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.

இனி, இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு சுவர் ஏறும் உன் பொழுதுபோக்கு. நீ அனுப்பிய போட்டோக்களை அப்பா பெரிதாக்கிப் பெரிதாக்கிக் கயிறு கெட்டியாக இருக்கிறதா என்று மட்டும் பார்க்கிறார். கீழே நின்று அந்தக் கயிற்றைப் பிடித்திருக்கும் கையைத்தான் நான் பார்த்தேன். பதினோரு படத்திலும் ஒரே கை, ஒரே பச்சை வாட்ச், கடைசிப் படத்தில் அந்தக் கையில் நான் உனக்குப் பின்னிக்கொடுத்த மெரூன் ஸ்வெட்டர். உனக்கே தொளதொளவென்று இருந்தது, அந்தப் பிள்ளைக்குச் சரியாக இருக்கிறது. அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை.

வேளைக்குச் சாப்பிடு, கிறிஸ்துமஸுக்கு டிக்கெட் போட மறக்காதே. நீ ஏறும்போதும் இறங்கும்போதும் ஆண்டவர் உன்னோடு இருப்பாராக, கயிறு பிடிப்பவரோடும் இருப்பாராக. பெயர் தெரிந்தால் ஜெபத்தில் சொல்ல வசதியாக இருக்கும்.

முத்தங்களுடன்,
உன் அம்மா ஏஞ்சல்