அறுத்தெடுத்த ஓர் அங்குலம்

லூயிஸ்டவுன், மொன்டானா
20 செப்டம்பர் 1998, ஞாயிறு

அன்புள்ள அண்ணன் ஓரினுக்கு,

தங்கை ஆர்டிஸ் எழுதுவது. நலம், நலமறிய ஆவல் என்று தொடங்கத்தான் பேனாவை எடுத்தேன். எனக்கு நலமில்லை. உன் நலத்தை அறிய இந்த வாரம் ஆவலும் இல்லை. வலது புருவத்தின் மேல் நான்கு தையல் போட்டிருக்கிறது. அந்தக் கதையைப் பின்னால் சொல்கிறேன்.

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. தபால்பெட்டி அருகே நின்றபடியே படித்தேன். அப்பாவின் வின்செஸ்டர் துப்பாக்கியைக் குட்டிச்சுவராக்கியது யார் என்று கேட்டிருக்கிறாய். கேள்வியாகக் கேட்டுவிட்டு, அடுத்த வரியிலேயே என் பெயரையும் எழுதிவிட்டாய். பழைய துப்பாக்கி சேர்க்கும் உன் நண்பர் அளவுநாடா பிடித்துப் பார்த்தாராம். தோளில் பதியும் மரக்கட்டை ஓர் அங்குலம் குறைகிறதாம். 1964க்கு முன் செய்த, மதிப்பு மிகுந்த வின்செஸ்டரில் ரம்பம் வைத்தவரை ஜெயிலில் போட வேண்டும் என்றாராம். தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பார்கள். நீ பல்லோடு விட்டாயா? நாடாவைப் போட்டு வாலையும் அளந்திருக்கிறாய்.

அக்டோபர் முதல் வாரம் அந்த நண்பர் புது வால்நட் மரத்துண்டு ஒன்றை ஒட்டி, மெருகேற்றி, துப்பாக்கியைப் பழைய நீளத்துக்குக் கொண்டுவந்து விடுவாராம். பிறகு அதைக் கணப்புக்கு மேலே மாட்டப் போகிறாயாம். நீ இருக்கும் டூசான் வெயிலில் கணப்பு எதற்கு என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

அறுத்தது யார் என்று கேட்டாய் அல்லவா, சொல்கிறேன். அறுத்தது அப்பா.

1969 செப்டம்பர். நீ கடற்படைக் கப்பலில் இருந்தாய். எனக்குப் பதினான்கு வயது. அந்த வருடம்தான் அப்பா என்னை முதல்முறை எல்க் மான் வேட்டைக்குக் கூட்டிப்போக ஒப்புக்கொண்டார். வீட்டில் இருந்த ஒரே பெரிய துப்பாக்கி அந்த வின்செஸ்டர். நான் அதைத் தோளில் வைத்தால் விரல் விசைக்கு எட்டாது, கன்னம் கட்டையில் படியாது. அப்பா என் முழங்கை மடிப்பிலிருந்து ஆள்காட்டி விரல்வரை அளந்தார். கட்டையில் பென்சிலால் கோடு போட்டார். சாப்பாட்டு மேசையில் வைத்து அறுத்தார். அம்மா உருளைக்கிழங்குச் சட்டியோடு வந்து நின்று, "சாப்பிடற எடத்துலயா மரத்தூள கொட்டுவீங்க?" என்று கத்தினாள். அப்பா நிமிரவில்லை. அறுத்த இடத்தில் ரப்பர் பட்டை வைத்துத் திருகி, என் தோளில் கொடுத்துப் பார்த்துவிட்டு, "இப்ப இது உன்னோடது" என்றார். அவ்வளவுதான் பேச்சு.

அடுத்த வாரம் தனக்கென்று ரெமிங்டன் துப்பாக்கி ஒன்றை வாங்கிக்கொண்டார். ஆறடி மனிதருக்கு அந்த வின்செஸ்டர் இனி பொம்மைத் துப்பாக்கிதானே. அன்றிலிருந்து சனிக்கிழமைதோறும் சுடும் மைதானத்தில் அவர் செய்த வாதம் உனக்குத் தெரியாது. மற்றவர்களெல்லாம் வின்செஸ்டர் கட்சி. அதன் குண்டு ஏற்றும் போல்ட்டில் உள்ள கொக்கி குண்டைப் பின்னாலிருந்து கவ்விக்கொண்டுதான் உள்ளே தள்ளும், தலைகீழாகப் பிடித்தாலும் நழுவாது, சரிவில் அவசரமாக இரண்டாம் குண்டு ஏற்ற அதைப்போல் வராது என்பார்கள். அப்பா ஒற்றை ஆளாக நிற்பார். "கொக்கிய வெச்சு மீனா புடிக்கப் போறீங்க? காட்டின எடத்துல போய் அடிக்கிறது ரெமிங்டன்தான்" என்பார். இருபத்தெட்டு வருடம் அதையே சொன்னார். அதைக் கேட்டு ஊரே அவர் ரெமிங்டன் பைத்தியம் என்று நம்பியது. நானும் நம்பினேன்.

ஒவ்வொரு அக்டோபரிலும், வேட்டைக்காலம் தொடங்குவதற்கு முன், என்னிடம் மட்டும் ஒன்று கேட்பார். கட்டை நீளம் போதுமா, இன்னும் கொஞ்சம் வேண்டுமா என்று. நம் வீட்டு வழக்கப்படி மூன்று தரம் கேட்பார். நானும் மூன்று தரமும் போதும் என்பேன். எனக்கு எவ்வளவு அக்கறையான அப்பா என்று மனதுக்குள் பெருமையாக இருக்கும்.

அந்த வழக்கம் உனக்கு மறந்துவிட்டது என்பதுதான் என் ஆத்திரமே, ஓரின். தட்டில் கடைசி உருளைக்கிழங்கு கிடந்தால்கூட நம் வீட்டில் யாராவது கைநீட்டி எடுத்ததுண்டா? முதல் இரண்டு 'வேண்டாம்' கணக்கில் சேராது. மூன்றாம் தரம் கேட்டு வருவதுதான் பதில். உயிலில், இரண்டு துப்பாக்கியில் ஒன்றை மூத்தவன் முதலில் எடுத்துக்கொள்ளட்டும், மற்றது ஆர்டிஸுக்கு என்று அப்பா எழுதியிருந்தார். ஜூன் மாதம் போன் செய்தாய். "நான் வின்செஸ்டரை எடுத்துக்கிறேன், உனக்கு ஒண்ணும் இல்லயே?" என்றாய். "எனக்கென்ன, எடுத்துக்கோ" என்றேன். இன்னொரு தரம் கேட்பாய் என்று காத்திருந்தேன். நீ டூசான் வெயிலைப் பற்றிப் பேசிவிட்டு வைத்துவிட்டாய். இருபத்தொன்பது வருடம் என் தோளில் இருந்த துப்பாக்கியை நானே துணி சுற்றிப் பெட்டியில் வைத்து, துப்பாக்கிக் கடைக்காரர் வெர்ல் வழியாக உனக்கு அனுப்பினேன். "ஆர்டிஸ், வாயில கொழுக்கட்டையா வெச்சிருந்த?" என்று வெர்ல் திட்டினார். அவரிடமும் பரவாயில்லை என்றேன். என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அனுப்பி ஒரு மாதம்கூட ஆகவில்லை. மிசௌரி பிரேக்ஸ் பள்ளத்தாக்குப் பகுதியில் ஆண் எல்க் சுடும் பெர்மிட் எனக்குக் குலுக்கலில் விழுந்தது. பதினோரு வருடம் விண்ணப்பம் போட்டிருக்கிறேன். அப்பா சாகும்வரை போட்டார், அவருக்கு விழவே இல்லை. எனக்கு விழுந்தது இந்த ஒரு வருடத்துக்குத்தான் செல்லும். அக்டோபர் இருபத்தைந்தாம் தேதி வேட்டைக்காலம் தொடங்குகிறது.

இருப்பதை வைத்துச் சமாளிக்கலாம் என்று நேற்று ரெமிங்டனை மைதானத்துக்கு எடுத்துப் போனேன். நல்ல துப்பாக்கி, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் ஆறடி ஆளுக்கு அமைந்தது. குறிபார்க்கும் ஸ்கோப்பில் காட்சி முழுதாகத் தெரிய நான் கழுத்தை நீட்ட வேண்டியிருந்தது. மூன்றாவது குண்டில் அது உதைத்த உதையில் ஸ்கோப்பின் விளிம்பு புருவத்தைக் கிழித்துவிட்டது. வெர்ல்தான் கைக்குட்டையை அழுத்திப் பிடித்தபடி ஆஸ்பத்திரிக்கு ஓட்டினார். வழியெல்லாம் ஒரே கேலி. "எல்க்குக்கு ஒண்ணும் ஆவல, சுட வந்தவளுக்குத்தான் அடி" என்றார். நான் சிரிக்கவில்லை. உன்னைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன், நல்லவிதமாக அல்ல.

ஆகவே கேள், குட்டிச்சுவர் என்று இன்னொரு முறை அந்தத் துப்பாக்கியைச் சொன்னாயானால் நான் டூசானுக்கே வந்துவிடுவேன். உன் நண்பரிடம் பசையைத் தொடாதே என்று சொல். மீதியை நாளை எழுதுகிறேன். தையல் இழுக்கிறது.

23 செப்டம்பர், புதன்

நாளை என்று எழுதியவள் மூன்று நாள் கழித்து உட்கார்ந்திருக்கிறேன். கடிதத்தைக் கிழித்துவிடலாமா என்றுகூட நினைத்தேன். கிழிக்கவில்லை. எழுதியதில் எதுவும் பொய்யில்லை.

திங்கட்கிழமை அப்பாவின் பட்டறை மேசையில் திருகாணி தேடினேன். ரெமிங்டனின் கட்டையையும் அறுத்துவிடலாம் என்று முடிவு செய்திருந்தேன். ரம்பத்தைக்கூட எடுத்து வைத்துவிட்டேன். கீழ்த் தட்டில் ஒரு காபி டின். உள்ளே எண்ணெய்த் துணியில் சுற்றி, வின்செஸ்டர் கட்டையின் அடியில் இருந்த அசல் இரும்புத் தகடு, இரண்டு திருகாணி, அறுத்தெடுத்த அந்த ஓர் அங்குல வால்நட் துண்டு. இருபத்தொன்பது வருடமாகியும் துருப்பிடிக்கவில்லை, மரத்தில் வெடிப்பில்லை. வருடந்தோறும் யாரோ எண்ணெய் போட்டிருக்கிறார்கள். துண்டின் உட்பக்கம் அப்பாவின் பென்சில் எழுத்து: ஆர்டிஸ் வளர்ந்ததும் திரும்ப ஒட்டணும்.

நான் வளரவில்லை, ஓரின். பதினாலு வயதில் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டேன். அவர் ஒவ்வொரு அக்டோபரிலும் மூன்று தரம் கேட்டது என் வசதிக்காக இல்லை. தன் துப்பாக்கியைத் திருப்பிக் கேட்டிருக்கிறார், நம் வீட்டு முறையில். இன்னும் வேண்டும் என்று நான் சொல்லியிருந்தால் துண்டை ஒட்டியிருப்பார், அது மறுபடி அவர் தோளுக்கும் பொருந்தியிருக்கும். நான் ஒவ்வொரு முறையும் போதும், போதும், போதும் என்று சொல்லி அவரை அனுப்பியிருக்கிறேன். உன்மேல் இருந்த கோபத்தில் பாதியை இப்போது என்மேல் திருப்பி வைத்திருக்கிறேன். மீதிப் பாதி உன்மேல் அப்படியே இருக்கிறது, அதில் சந்தேகம் வேண்டாம்.

டின்னை இந்தக் கடிதத்தோடு அனுப்புகிறேன். ஒளித்து வைக்க எனக்கு உரிமையில்லை. புது மரம் தேவையில்லை, அதன் சொந்த மரமே இருக்கிறது. உன் நண்பர் ஒட்டினால் கோடுகூடத் தெரியாது. அப்பா விரும்பியதும் அதுதான். ஒட்டிவிட்டால் அது உன் உயரத்துக்குச் சரியாக இருக்கும், எனக்கு இனி ஒருநாளும் உதவாது. ஒட்டுவதற்கு முன் ஒரே ஒரு தரம் துப்பாக்கியை உன் தோளில் வைத்துப் பார். எவ்வளவு இடிக்கிறது என்று பார். அந்தச் சிறிய துப்பாக்கியை எனக்கே விட்டுவிட்டு, கடைசிவரை ரெமிங்டன்தான் உசத்தி என்று ஊரெல்லாம் வாதாடிய மனிதரை ஒரு நிமிடம் நினைத்துக்கொள்.

ரெமிங்டனை நான் அறுக்கவில்லை. ரம்பத்தை ஆணியில் மாட்டிவிட்டேன். துடைத்து எண்ணெய் போட்டு, அப்பாவின் இடத்திலேயே சாத்தி வைத்திருக்கிறேன். உன்னைப் போல் ஆறடி ஆள் யாராவது வந்து எடுத்தால் அப்படியே தோளில் உட்காரும்.

உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? வெயிலில் தொப்பியில்லாமல் அலையாதே. இங்கே மலையில் முதல் பனி விழுந்துவிட்டது. அப்பா இருந்து பார்த்துக்கொள்ள முடியாததால், கடவுள்தான் உன்னைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும்.

ஜூன் மாதம் போனில் என்னை ஒரு தரம் கேட்டாய். இன்னும் இரண்டு தரம் மிச்சமிருக்கிறது. வீட்டு நம்பர் மாறவில்லை.

கோபம் தீராத, ஆனாலும் உன்
தங்கை
ஆர்டிஸ்