பொன் போன பாதிக் கண்ணாடி

மார்ச் 2, 1997

இன்றும் சாம்பல் தட்டினேன். எரிமலை வெடித்து ஆறு வருடம் ஆகப்போகிறது. எங்கள் பழைய இரும்புக் கடைக்கு வரும் எதைக் கவிழ்த்தாலும் அந்தச் சாம்பல் இன்னும் கொட்டுகிறது.

அப்போது அமெரிக்கர்கள் பக்கத்துக் கிளார்க் விமானத்தளத்தில் விட்டுப்போன தீயணைப்புச் சாமான்கள் மற்றவர்களுக்கு வெறும் எடை. சிவப்பு ஹெல்மெட், பூட்ஸ், கோடரி என்று, பள்ளியை விட்டு அம்மாவோடு கடைக்கு வந்த நாளிலிருந்து ஒவ்வொன்றாக ஒதுக்கிக் கொட்டகையில் சேர்த்திருக்கிறேன். வெள்ளித் தலையுறை இந்த ஊரில் என்னிடம் மட்டும்தான். எரியும் விமானத்துக்குள் போகிறவர்கள் தோள்வரை கவிழ்த்துக்கொள்வது. முகத்துக்கு நேரே பொன் பூசிய கண்ணாடி. நெருப்பின் சூடு அதில் பட்டுத் திரும்பிவிடும். உள்ளே இருப்பது யாரென்று வெளியே தெரியாது.

அதைப் போட்டுக்கொண்டே சந்தைக்குப் போக முடிந்தால்!

மார்ச் 8

தீத்தடுப்பு மாதக் கண்காட்சியில் எனக்கும் ஒரு மேசை! கேட்டது நான் இல்லை, என் அண்ணன் குயா ரொமி. அவன் இல்லாமல் நான் எங்கே வாயைத் திறந்தேன்?

"பழைய இரும்புக் கடைப் பொண்ணா? உன் சாமானைப் பத்தி நீதான் மைக்ல சொல்லணும், சம்மதமா?" என்றார் தீயணைப்புப் படைத் தலைவர்.

தலையாட்டிவிட்டேன். ஏன் ஆட்டினேன்?

மார்ச் 15

கோழிகளுக்கு முன்னால் பேசிப் பார்த்தேன். இரண்டு தூங்கிவிட்டன.

மார்ச் 21

நாளைக்குக் கண்காட்சி. எல்லாம் போச்சு.

கொட்டகைக்குள் போனால் குயா கையில் துணியோடு உட்கார்ந்திருக்கிறான். தான் ஆள் ஏற்றி ஓட்டும் ஜீப்னி வண்டியின் முன்னால் நிற்கும் வெள்ளிக் குதிரைப் பொம்மைகளை ஞாயிறுதோறும் தேய்ப்பானே, அதே பாலிஷ் டப்பா பக்கத்தில்.

"கண்ணாடியில மஞ்சளா கறை இருந்துச்சு, வெங். நாளைக்கு நீ பளிச்சுனு வைக்கணுமேன்னுதான்..."

"கறை இல்ல குயா, அது தங்கம்!"

நான் கத்தி அம்மா கேட்டது இதுதான் முதல்முறை. கரண்டியோடு ஓடிவந்துவிட்டாள். கண்ணாடியில் இடப்பாதி வெறும் கண்ணாடி. இனி எப்படி அதைக் கொண்டுபோவேன்? எந்த வாயால் பேசுவேன்?

"வீட்டுலயே வச்சுட்டா மட்டும் தங்கம் திரும்ப ஒட்டிக்குமா?" என்றாள் அம்மா. குயா இரவு சாப்பிடவில்லை. நானும்தான்.

மார்ச் 22

கழிப்பறை ஓரத்து மேசை. அடுத்த மேசை இன்ஜினியர் காட்டுஸ். அவருடைய ஹெல்மெட் எல்லாம் நேற்றுத்தான் பெயின்ட் அடித்த மாதிரி மினுங்கின. என் தலையுறையைத் திருப்பிப் பார்த்தார். "அடடா! இனிமே இது தகரம்தான், பொண்ணு."

மைக் கைக்கு வந்தது. கோழிகளிடம் சொன்னது ஒன்றும் ஞாபகம் இல்லை. "இதுல பூசியிருக்கறது தங்கம்," என்றேன். "பாதிய எங்க அண்ணன் ஜீப்னி பாலிஷ் போட்டுத் தேய்ச்சுட்டான்."

கூடமே சிரித்தது. குயா தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டான். ஆனால் அது கேலிச் சிரிப்பு இல்லை — காதுக்குத் தெரியாதா? மிச்சத்தையும் சொன்னேன். எல்லாவற்றையும்!

முடித்ததும் செருப்புக் காலோடு ஒரு பெரியவர் வந்தார். பெயர் மாங் உஸ்டிங்காம்.

"போட்டுப் பாக்கட்டுமாம்மா?"

கவிழ்த்துவிட்டேன். பொன் போன பாதியில் ஒரு கண், பாதி மீசை, பாதிச் சிரிப்பு.

"ஐயோ, நம்ம ஆளு தெரியறாரே!" என்று அவர் மனைவி கை தட்டினாள்.

பின்னால் நான் மாட்டியிருந்த தளத்துப் படத்தை அவர் தொட்டுக் காட்டினார். விமானத்துக்கு முன்னால் வரிசையாக வெள்ளி ஆட்கள், முகமே இல்லாமல். "மூணாவது ஆள் நான்தான். அந்த வரிசை முழுக்க நம்ம ஊரு ஆளுங்கதான். சொன்னா இவளே நம்ப மாட்டா. அது அமெரிக்கன், உமக்கேது அந்த உயரம்னு கேப்பா."

"பூட்ஸுய்யா அது! அதான் உயரம்!" என்றாள் அவள், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

அதற்கப்புறம் போட்டுப் பார்க்க வந்தவர்களின் வரிசை கழிப்பறையைத் தாண்டி நின்றது. "தள்ளாதீங்க, எல்லாருக்கும் கிடைக்கும்!" என்று ஒரு குரல். என்னுடையதுதான்.

மார்ச் 30

மாங் உஸ்டிங் ஒரு தட்டு பன்சிட் நூடுல்ஸும், கண்காட்சியில் தலையுறையோடு எடுத்த தன் படமும் கொண்டுவந்தார். முகமில்லாத வரிசைக்குப் பக்கத்தில் அந்தப் பாதி முகத்தை மாட்டினோம். அவர் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதினேன்.

"மீதியையும் தேய்ச்சு விடட்டா?" என்றான் குயா. டப்பாவைப் பிடுங்கிக் கோழிக்கூட்டின் மேல் வைத்தேன்.

பிறகு தலையுறையை நான் போட்டுக்கொண்டேன். அவன் படம் எடுத்தான். கண்ணாடி தெளிந்த பக்கமாக முகத்தைக் கொண்டுவந்து நின்றேன்.