அணைத்து வைத்த ஃபிரிட்ஜ்

அன்புள்ள மகனுக்கு,

என் மருந்தைக் கெடுத்தது உன் அப்பா, அவரை அப்படிச் செய்யவைத்தது நீ. நலம் விசாரித்துவிட்டு இதை எழுதலாம் என்றால் அதற்குள் மனசு இளகிவிடும், அதனால் முதலிலேயே எழுதிவிட்டேன். இனி கேட்கிறேன், வேளைக்குச் சாப்பிடுகிறாயா ராசா, முதுகு வலி தேவலையா, அந்த மேஸ்திரி இன்னும் கத்துகிறானா. இங்கே எல்லோரும் சுகம் என்று எழுத இந்த முறை கை வரவில்லை. போனில் சொல்லலாம் என்றால் உன் அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்து நிமிஷம் ஓடுது, நிமிஷம் ஓடுது என்று விரலை ஆட்டுகிறார்.

போன கோடையில் கரண்ட் பில் வந்தபோது நீ அவரிடம் போனில் சொன்னது உனக்கு நினைவிருக்காது. "நான் இங்க வெயில்ல சாகுறேன், நீங்க அங்க காசக் கரியாக்குறீங்க. வீணாக்குறது பாவம்ப்பா." சொல்லிவிட்டு நீ தூங்கப் போயிருப்பாய். அவர் தூங்கவில்லை. உத்தியோக காலம் முழுக்க ஊரார் வீட்டு மீட்டரைப் பார்த்து எழுதிக்கொண்டு வந்த மனுஷர், இப்போது சொந்த வீட்டு மீட்டருக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். வாரா வாரம் சொற்பொழிவு கேட்கப் போகிறாரே, அங்கே பேசுகிறவரும் வீணாக்கிய ஒவ்வொன்றுக்கும் மேலே போய்ப் பதில் சொல்ல வேண்டும் என்று சொல்லிவைத்தார், அவ்வளவுதான், அந்தப் பயம் அவரைப் பிடித்துக்கொண்டது. சுவர்க் கடிகாரத்தின் பேட்டரியைக் கழற்றிவிட்டார், போனில்தான் மணி தெரிகிறதே என்று. நம் வீட்டில் எப்போது பார்த்தாலும் நாலேகால். முதலில் நானும் சிரித்தேன். சூடு பட்டால் கெட்டுப்போகிற என் இன்சுலின் ஊசி மருந்து ஃபிரிட்ஜில் இருக்கிறது என்பது அப்போது எனக்குத் தோன்றவில்லை.

கொஞ்ச நாளாகச் சர்க்கரை ஏறிக்கொண்டே போனது. டாக்டரம்மா மருந்தின் அளவைக் கூட்டினார், அப்புறமும் கூட்டினார், கடைசியில் ஒளித்து வைத்து இனிப்பு தின்கிறீர்களா என்று கேட்டுத் திருடியைப் பார்ப்பது போலப் பார்த்தார். செருப்பு கடித்த இடம் ஆறவே இல்லை. ஐஸ் தட்டில் தண்ணீர் உறையவில்லையே என்று மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். அந்தத் தம்பி பின்பக்கமெல்லாம் கழற்றிப் பார்த்துவிட்டு, "ஃபிரிட்ஜுக்கு ஒண்ணும் இல்லக்கா, யாரோ அத அடிக்கடி தூங்க வைக்கிறாங்க" என்று சொல்லிச் சிரித்தான். உன் அப்பா கூடவே நின்று சிரித்தார். மறுநாள் ஆபீஸில் தண்ணீர் வரவில்லை என்று, தரை துடைக்கிற எங்களைச் சீக்கிரமே அனுப்பிவிட்டார்கள். கதவைத் திறந்தேன், சமையலறையில் சத்தமே இல்லை. அந்த உறுமல் எப்போதும் காதில் விழுந்துகொண்டே இருந்திருக்கிறது என்பது நின்ற பிறகுதான் தெரிந்தது. ஃபிரிட்ஜைத் திறந்து மருந்துப் பெட்டியைத் தொட்டேன், என் உள்ளங்கை சூட்டில் இருந்தது. நான் வேலைக்குப் படி இறங்கியதும் அணைத்து, திரும்பி வரும் நேரத்துக்குப் போட்டுவிடுகிறாராம் உன் அப்பா. அவர் மறுக்கவில்லை. "நீயும் இல்ல, யாரு தொறக்கப் போறா? பையன் வேர்வையில வந்த காசு. நாளைக்கு நான்தான்டி பதில் சொல்லணும்" என்றார். "என் காலுக்கு யாரு பதில் சொல்லுவா?" என்று கேட்டேன். அழுதார். அழுதுகொண்டே கூடத்து ஃபேனை நிறுத்தினார்.

அவர் கெட்டவர் இல்லை, அதனால்தான் எனக்குக் குலை நடுங்குகிறது. கெட்டவர் என்றால் சண்டை போட்டு வழிக்குக் கொண்டுவரலாம், இவர் பயந்துபோனவர். அந்தச் சொற்பொழிவாளரிடமே போய் வீட்டில் ஃபிரிட்ஜ் ஓடுவது பாவமா என்று கேட்டேன். பல் கிட்டும் ஏசிக் குளிரில் இருந்தது அவருடைய அறை, ஆளில்லாத கூடத்தில் விளக்கெல்லாம் எரிந்துகொண்டிருந்தது. அவசியத்துக்குச் செலவழித்தால் பாவமில்லை அம்மா, எது அவசியம் என்று அவரவர் மனசே சொல்லும் என்றார். யாருடைய மனசு என்று கேட்பதற்குள் அடுத்த ஆள் உள்ளே வந்துவிட்டார். நான் துடைக்கிற மீட்டிங் அறையில் குளிர்பானத்துக்கென்றே ஒரு ஃபிரிட்ஜ் ராப்பகலாக ஓடுகிறது. அதில் ஒரு ஓரமாக மருந்தை வைத்துக்கொள்ளட்டுமா என்றேன். சூப்பர்வைசர் அது ஸ்டாஃபுக்கு இல்லை என்றான். அந்தப் பாட்டில்களுக்கு யாரும் மேலே போய்ப் பதில் சொல்ல வேண்டியதில்லை போலிருக்கிறது. பாவமெல்லாம் நம் வீட்டு சுவிட்சில்தான் வந்து உட்கார்ந்திருக்கிறது.

புது மருந்து வாங்கி வைத்து, சுவிட்சின் மேல் டேப் ஒட்டிவிட்டு வேலைக்குப் போனேன். நேற்று வந்து பார்த்தால் டேப்பைக் கிழிக்காமல் உரித்து, வீணாகாதபடி சுவரில் நீட்டி ஒட்டிவைத்திருக்கிறார். அதைப் பார்த்ததும் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். இன்று வேலைக்குப் போகவில்லை. எத்தனை நாள் போகாமல் இருக்க முடியும்? புண்ணின் ஓரம் நிறம் மாறுகிறது, இன்னும் கறுத்தால் கால் விரலை எடுக்க வேண்டி வரும் என்கிறார் டாக்டரம்மா. இதைவிடப் பெரிய பயம் ஒன்று இருக்கிறது, உன்னிடம் மட்டும் சொல்கிறேன். இன்று காலை ஊசியைக் கையில் எடுத்தபோது, இது வீண்தானோ என்று எனக்கே ஒரு நினைப்பு வந்தது. அவரைப் பிடித்துக்கொண்டது என்னையும் பிடிக்கிறது.

நான் சொன்னால் அவர் காதில் ஏறாது. அவருக்கு உன் வார்த்தைதான் வேதவாக்கு. போன வாரம் போனைப் பிடுங்கி அப்பாவிடம் சொல்லுடா என்று கெஞ்சினேன், பாக்கலாம்மா, ஷிஃப்டுக்கு நேரமாச்சு என்று வைத்துவிட்டாய். பதில் வருமென்று அன்று முழுக்க போனை மடியிலேயே வைத்திருந்தேன்.

நீ நோய்நொடி இல்லாமல் நெடுங்காலம் நன்றாக இருக்க வேண்டும் கண்ணா. வெயிலில் தலைக்குத் துணி கட்டிக்கொள், செருப்பு கடித்தால் அன்றைக்கே மருந்து போடு. அதற்கு ஆகிற செலவைப் பார்க்காதே.

இப்படிக்கு,
உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும் அம்மா

அம்மா வீண் செலவு இல்லை என்று அப்பாவிடம் உன் வாயால் சொல். இன்றைக்கே சொல்.