தூள் பையில் பதினொரு நீலக் கூடு

திங்கள், 4ஆம் திகதி

காலையிலிருந்து புழுக்கம். துறைமுகப் பக்கம் இருட்டிக் கிடக்கிறது, ஒரு சொட்டு இல்லை.

கிளினிக் டாக்டர் சொன்னபடி இந்தக் கொப்பி. மனைவி ரோஸ்லினுக்கு முட்டு, மூச்சு இழுக்கிற வருத்தம். ஒரு நாளைக்கு எத்தனை மருந்துக் கூடு இழுக்கிறாள் என்று நான் முன்பக்கத்தில் எழுத வேண்டும். ஒரு பாதி நீலம், ஒரு பாதி வெள்ளை. பிளாஸ்டிக் குழலில் போட்டுத் திருகினால் கூடு இரண்டாகக் கழன்று மாவு வரும், அதை இழுக்க வேண்டும். வெறுங்கூடு மிஞ்சும். இன்று மூன்று என்றாள். மூன்று.

முன்பக்கம் டாக்டருக்கு. பின்பக்கம் எனக்கு. மூன்றாம் வகுப்போடு நின்ற கை. ஒருவரும் பார்க்காத பக்கத்தில் எப்படிக் கிறுக்கினால் என்ன.

மகள் ஷெரின் நேற்று வெள்ளவத்தையிலிருந்து வந்து போட்ட சத்தம் இன்னும் காதில். "டடி, வீட்டில மரம் அறுக்கிற மெஷின் இருக்கணும், இல்லாட்டி மம்மி இருக்கணும். 14ஆம் திகதி வியாழன் கிளினிக். முட்டு குறையல்லன்னு டாக்டர் சொன்னா, அன்றைக்கே மம்மியை என்ட பிளாட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்."

மரப் பட்டறை பின்னால், நடுவில் சமைக்கிற குசினி, முன்னால் நாங்கள். கொட்டாஞ்சேனையில் யாருக்கு இதைவிட இடம்? நாற்பத்தொரு வருடம் இதே வீடு. முதல் நாள் அறுத்தது மாதா சுரூபம் வைக்கிற ஒரு கூட்டுக்கு மஹோகனி பலகை, ஆறடியில் நடுவே ஒரு முடிச்சு. எனக்கு எல்லாம் ஞாபகம். அன்றைக்கு அவள் இருமவில்லை.

தூசி இழுக்கும் மெஷின் போடுவதென்று முடிவு.

செவ்வாய், 5

பஞ்சிகாவத்தைப் பழைய சாமான் கடைக்குப் போய் தூசி இழுக்கும் புளோவர் ஒன்று வாங்கினேன். "ஜப்பான் சாமான் அய்யே, யோசிக்க வேணாம்" என்றான் கடைக்காரன். யோசித்திருக்க வேண்டும். மோட்டர் நல்லது. கீழ்ப் பையும் நல்லது, சீவல் அதில் விழும். காற்று வடிந்து வெளியேறுகிற மேல் பை எலி கடித்தது. கடையில் ஓட்டிக் காட்டியபோது அந்தப் பக்கத்தைச் சுவருக்குத் திருப்பி வைத்திருக்கிறான்.

புளோவரை எங்கே வைப்பது? பட்டறையில் கால் வைக்க இடமில்லை. பின்மதிலுக்கு அந்தப் பக்கம் நஸீரின் முற்றம். கேட்டேன்.

"ஏலாது பாஸ். இந்தச் சத்தத்துக்கு என்ட குருவியெல்லாம் முட்டையை விட்டுட்டு எழும்பிரும்."

கூட்டில் இருபது லவ் பேர்ட்ஸ். மனிதனுக்கு மூச்சு முட்டுகிறது, அவனுக்குக் குருவி முட்டை. அந்தக் கூட்டுக்குச் சட்டம் அடித்துக் கொடுத்தவன் நான். கூட்டில் விரிக்கிற தூளும் என்னுடையது.

மூன்று கூடு.

புதன், 6

பைப் பாஸ் சுனில், குழாய் வேலைக்காரன், வந்தான். நாலு இஞ்ச் பைப், வளைவுக்கு எல்போ பன்னிரண்டு. சிங்களத்தில்தான் சண்டை, நான் தமிழில் எழுதுகிறேன்.

"பாஸ், சாய்வு வைக்கணும்."

"எதுக்கு?"

"சாய்வில்லாம எப்படிப் போகும்?"

"இது தண்ணியா? தூசியை மெஷின் இழுக்கும்."

"இருபத்தஞ்சு வருஷம் பைப் அடிக்கிறன். சாய்வில்லாத பைப் அடைக்கும்."

சாய்வு வைத்தான். அது போகட்டும். வளைவு எல்லாம் சட்டென்று மடங்குகிற எல்போ. வேண்டாம், நீளமாக வளையட்டும் என்றேன். கேட்கவில்லை. மழை வந்தது, தேத்தண்ணீர் குடித்துவிட்டுப் போய்விட்டான்.

மூன்று.

வெள்ளி, 8

சொன்னேனா இல்லையா. மரம் சீவும் பிளேனரை ஓட்டி ஐந்து நிமிடம், முதல் எல்போவிலேயே சீவல் அடைத்தது. கழற்றிக் குத்தினேன், திரும்ப அடைத்தது. சுனிலுக்குப் போன் எடுத்தேன்.

"கக்கூஸ் பைப்புக்கு நாங்க இப்படித்தான் போடுறது."

"இது கக்கூஸா?"

"நீங்கதான் பாஸ் பைப் பாஸைக் கூப்பிட்டீங்க."

போனை வைத்தேன். பன்னிரண்டு எல்போவையும் நானே அறுத்தேன். ஒவ்வொன்றுக்கும் பதில் இரண்டு அரை வளைவு. முதுகு போய்விட்டது. ஒவ்வொரு மெஷினின் வாய்க்கும் பிளைவூட்டில் இழுப்புக் கதவு: ஓடுகிற மெஷினுக்குத் திறக்க, மற்றதுக்கு மூட.

ரோஸ்லின் கிழிந்த மேல் பைக்குப் பதிலாகப் பழைய பெட்ஷீட்டில் ஒன்று தைத்தாள். தைக்கும்போது இருமல். "நூல் தொண்டையில போயிட்டு" என்றாள்.

சனி, 9

ஓடுகிறது! புளோவர் குசினி மூலையில், அலுமாரிக்குப் பக்கத்தில். வேறு இடம் இல்லை. பலாப் பலகை நாலு அறுத்தேன், தரையில் ஒரு பிடி தூள் இல்லை. குசினி வாசலில் தரையோடு ஒரு வாய் வைத்தேன். காலால் தட்டினால் திறக்கும், விளக்குமாற்றால் தள்ளினால் விழுங்கிவிடும். ரோஸ்லினுக்கு அது பிடித்துப்போனது.

"எதைப் போட்டாலும் போயிருமா?"

"கரண்டியைப் போட்டிடாதே."

கூடு இரண்டு. பார்த்தாயா ஷெரின்.

ஞாயிறு, 10

பூசையில் பிரசங்கம் முடியும் வரை இருமினாள். முன் வரிசை எல்லாம் திரும்பிப் பார்த்தது. சளித் தடிமன் என்றாள். கூடு ஒன்றுதான்.

பிற்பகல் அறுக்கிற மெஷின் ஓடவில்லை. அப்போதும் புளோவரைப் போட்டு இரண்டு தடவை தரை வாயைத் தட்டிக் கூட்டினாள். வீடு இவ்வளவு சுத்தமாக ஒருநாளும் கண்டதில்லை.

திங்கள், 11

ஒன்று. ஷெரினுக்குப் போன் எடுத்து மார் தட்டினேன். "வியாழக்கிழமை பார்ப்போம் டடி" என்றாள். சந்தோஷப்பட்டால் வாய் சுட்டுவிடுமா?

தேத்தண்ணீரில் மஞ்சளாக ஒரு படலம். பால்மா சரியில்லை. கடை மாற்ற வேண்டும்.

செவ்வாய், 12

காலையில் பை நிரம்பியது. வழக்கம்போல் தூளை நஸீருக்குக் கொடுத்தேன். அரை மணித்தியாலத்தில் சாசர் ஒன்றை ஏந்திக்கொண்டு திரும்பி வந்தான்.

"பாஸ், தூளுக்குள்ள என்னா இது? மருந்துக் கூடு. என்ட குருவி கொத்தித் தின்டா?"

நீலப் பாதி மட்டும் பிரித்து எண்ணினேன். பதினொன்று. சனி, ஞாயிறு, திங்கள் மூன்று நாளும் நான் எழுதியது நாலு.

ரோஸ்லின் அடுப்படியில். சாசரை முன்னால் வைத்தேன். பார்த்தாள். வெங்காயம் வெட்டுவதை விடவில்லை.

"எத்தனை நாளா?"

"கொப்பி தொடங்கின நாள்லேருந்து."

"ஏன்டி?"

"மெஷினை வித்துட்டா நீங்க நாள் முழுக்க முன்னறையில இருந்து என்ட சமையலுக்கு ஞாயம் சொல்லுவீங்க. அதுக்கு முட்டே பரவாயில்ல."

நஸீர் வாசலிலேயே நின்றான். சிரிப்பை அடக்க ஏலாமல் அவனுக்கும் இருமல்.

அந்த நேரம் கூரையின் பிளாஸ்டிக் தகட்டால் வெயில் இறங்கியது. ஏதோ தோன்றி, புளோவரைப் போட்டேன். பெட்ஷீட் பை உப்பியது. அதன் நெசவு வழியாக மஞ்சள் தூள் புகையாக வடிந்து, வெயிலில் தூணாய் நின்று, அடுப்பிலும் தேத்தண்ணீர்க் கோப்பையிலும் அவள் தலையிலும் இறங்கியது. பட்டறை முழுதையும் துடைத்து, நானே பைப் போட்டு, அவள் மூக்குக்கு முன்னால் கொண்டுவந்து ஊதியிருக்கிறேன். பெரிய தூளைப் பிடித்துக்கொண்டு, நெஞ்சுக்குள் போகிற தூளை விட்டிருக்கிறது பை. பால்மாக் கடைக்காரன் மன்னிக்கட்டும்.

"முதல் நாளே சொல்லியிருக்கலாமே."

"சொன்னா நிப்பாட்டுவீங்களே."

நஸீர் சாசரை எடுத்துக்கொண்டான். "மெஷினை என்ட பக்கம் வைங்க பாஸ். குருவிக் கூட்டை நான் முன்பக்கம் மாத்துறேன். மச்சான்ட லொறிக்குக் காத்து வடிக்கிற பில்டர் ஒன்று ஈக்குது, பெட்ஷீட்டைத் தூக்கி எறிங்க."

ஏழு நாள் முன்னால் இவன் இதைச் சொல்லியிருந்தால். புளோவரின் ஒரு பக்கத்தைத் தூக்கப் பிடித்தேன்.

புதன், 13

மதிலில் ஓட்டை. புளோவர் நஸீரின் முற்றத்தில், லொறி பில்டரும் மூடிய பெட்டியும் சேர்த்து. மழை விட்டுவிட்டு. பத்து மணிக்கு ஓட்டினேன். குசினி வெயிலில் ஒன்றும் இல்லை, வெறும் வெளிச்சம்.

கொப்பியின் முன்பக்கத்தைத் திருத்தினோம். அவள் சொல்ல நான் வெட்டி எழுதினேன்.

"திங்கள்?"

"அஞ்சு."

"செவ்வாய்?"

"நீங்க பஞ்சிகாவத்தைக்குப் போன அன்றைக்கா? ரெண்டு. ஒரே மாதிரி இருக்கட்டும்னு மூணு சொன்னேன்."

நான் வீட்டில் இல்லாத நாள் ரெண்டு. எழுதினேன். அந்த எழுத்து மட்டும் கோணல்.

இதைப் பார்த்தால் ஷெரின் விடமாட்டாள். ரோஸ்லினுக்கும் தெரியும். பின்னேரம் சின்ன பேக் ஒன்றைக் கட்டினாள். எட்டிப் பார்த்தேன். இரண்டு உடுப்பு.

"ரெண்டு போதுமா?"

"ரெண்டு நாளைக்கு மேல அவட சமையலை யாரு தின்றது?"

அவள் முகம் கழுவப் போன நேரம் புளோவர்ப் பையைக் கொட்டினேன். குப்பை வாளியைக் கொட்டினேன். அவளது ஹவுஸ்கோட் பொக்கற்றிலும் கை விட்டேன்.

இன்று இரண்டு. நானே எண்ணியது.